இருபது கொண்டை ஊசிகள்

முதல் வேலை அழிப்பதுதான்.
அடிவாரத்து டீக்கடைகளை அழித்தேன்.
குரங்குக்குப் பொரி போடாதீர் பலகையை,
பாதி மலையில் பானெட் திறந்து நிற்கும்
கார்களின் ஆவியை,
பள்ளத்தாக்குக்கு முதுகு காட்டி
செல்ஃபி எடுக்கிறவர்களை.
பிறகு ஒவ்வொன்றாக
இருபது கொண்டை ஊசிகளையும் உருவினேன்.
சாலை அவிழ்ந்து தோளில் விழுந்தது.
வாரிவிட்டேன்.
கீழே கோரிமேடு, மேலே ஏரி,
நடுவில் ஒரு நேர்கோடு, இருபது புள்ளி.
"அழகா இருக்கு" என்றாள்
பக்கத்து நாற்காலி மெஹர்பானு.
எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஐந்து ரோட்டில், பேட்டரி கடைக்கு மேல்
எங்கள் அலுவலகம்.
ஜன்னலுக்கு நேரே ஈரடுக்குப் பாலம்.
மேல் அடுக்கில் ஒரு வண்டி,
கீழ் அடுக்கில் ஒரு வண்டி,
அதற்கும் அடியில் தரையில் ஒன்று,
திரையில் மூன்றும் ஒரே நீலப் புள்ளி.
செயற்கைக்கோளுக்கு மாடி தெரியாது.
அதோடு மல்லுக்கட்டியே ஆறு வாரம் போனது.
மலை சுலபம் என்று இருந்தேன்,
ஒரே ரோடு, வேறெங்கே
திரும்பித் தொலைக்கப் போகிறார்கள்.

சோதனைக்கு இருசப்பன் வந்தார்.
குட்டியானை ஓட்டுகிறவர்.
நாமக்கல் முட்டை ஏற்றிப் போய்
பலாப்பழம் ஏற்றி இறங்குகிறவர்.
நான் பக்கத்து இருக்கையில்,
மடியில் நோட்டு, டேஷ்போர்டில் என் போன்.

ஏழாவது வளைவில் போன் வாய் திறந்தது:
"இருபது மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்."
அவர் அதற்குள் பாதி திரும்பியிருந்தார்.
எதிரே பஸ்.
முதலில் மூக்கு வந்தது,
அப்புறம் உடம்பு வந்துகொண்டே இருந்தது.
"திரும்பவும்" என்றது போன்.
திரும்பவும், "திரும்பவும்."
பின்னால் முட்டைகள் ஒன்றோடொன்று
ஏதோ சொல்லிக்கொண்டன.
இருசப்பன் ஒரு கையால் போனைக்
குப்புறக் கவிழ்த்தார்.
பஸ் நின்றது. நாங்கள் ஏறினோம்.

ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டி
அட்டை அட்டையாக எடுத்துப் பார்த்தார்.
நாலு உடைசல்.
"வளைவுன்னு எனக்குச் சொல்லாத பாப்பா.
வளைவு ஸ்டியரிங்லயே இருக்கு.
அந்தப் பக்கம் என்ன வருதுன்னு சொல்லு.
அது முடியாதா,
முன்னாடியே சொல்லிட்டு கம்முனு இரு.
வளைவுக்குள்ள பேசக் கூடாது."
முட்டைக்கு இருபத்திநாலு ரூபாய் நீட்டினேன்.
வாங்கிக்கொண்டார்.

இறங்கும்போது குப்பனூர் வழி.
சிக்னல் இல்லை, என் படம் மட்டும்
சேமித்து வைத்தபடி ஒளிர்ந்தது.
ஒரு கையில் பலாச்சுளை, மறு கையால் காட்டினார்:
"ரெண்டு கோடும் ஒரே தடிமனா இருக்கே.
மரம் ஏத்துன லாரிக்காரன் இதப் பாத்து
இந்தப் பக்கம் வந்தான்னா?"
நான் பதில் சொல்லவில்லை.
வண்டி அகலத்துக்கு ரோடு,
ரோட்டை ஒட்டிப் பாறை,
கண்ணாடியை மடக்கிவிட்டுத்தான் போனோம்.

அன்று ராத்திரி குப்பனூர்க் கோட்டை
நூலளவுக்கு இளைக்க வைத்தேன்.
சில ஊசிகளைத் திரும்பச் செருகினேன்,
எல்லாவற்றையும் அல்ல.
ஏழாவதை மட்டும்
உள்ளதைவிடப் பெரிதாக,
அளவுகோல் கேட்டால் சிரிக்கும்படி.
ஏறுகிறவர் பக்கம் தடித்த அம்பு,
இறங்குகிறவர் பக்கம் ஒரு சிறிய கோடு: நில்.

காலையில் மெஹர்பானு
பிழைப் பட்டியலில் ஏற்றியிருந்தாள்:
ஏழாவது வளைவு. குரல் வரவில்லை.
எட்டாவது, வரவில்லை. ஒன்பதாவது.
இருபது வரிசையிலும் அதே வாக்கியம்.
"அப்படியே இருக்கட்டும்" என்று
ஒரே ஒரு தடவை எழுதி, இருபதையும் மூடினேன்.

ஜன்னலுக்கு வெளியே
யாரோ பாலத்தின் மேலே போகிறார்கள்,
அல்லது கீழே.
புள்ளி இன்னும் சொல்லவில்லை.